வெட்டுப்பட்ட கடைசிப் பாரா

பிப்ரவரி 5, திங்கள்

எஸ்.ஜி.பி.டி. 486. நாற்பதுக்குள் இருக்க வேண்டிய எண் இது. பிலிருபின் 3.8. ஒன்றைத் தாண்டக் கூடாது. ஆதாரம்: ஆஸ்பத்திரி ஆய்வகத்தின் அச்சிட்ட அறிக்கை, காலை 11.20க்கு என் கையில் தரப்பட்டது. கல்லீரல் வீங்கியிருக்கிறது என்று பொருள். அதைச் சொன்னவர் டாக்டர் ஷர்மிளா, நேரில்.

நிருபர் வேலையில் இருந்த முப்பத்துநான்கு வருடமும் நாட்குறிப்பை இப்படித்தான் எழுதினேன். உறுதியானது மேலே, பக்கத்தில் அதன் ஆதாரம், உறுதியாகாதது கடைசியில். ஓய்வு பெற்ற மூன்று வருடங்களில் மேலே வைக்க எதுவும் கிடைக்கவில்லை. காஸ் சிலிண்டர் வந்த தேதியையும் மின்தடை நேரத்தையும் எழுதிவந்தேன். இன்று ஒரு செய்தி இருக்கிறது.

பத்து நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. சனிக்கிழமை சவரம் செய்யும்போது கண்ணாடியில் கண் மஞ்சளாகத் தெரிந்தது.

டாக்டருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வரிசையாகக் கேட்டார்.

“குடிப்பீங்களா சார்?”

“இல்லை.”

“எப்பவாவது?”

“பத்திரிகைக்காரன்னா குடிப்பான்னு நீங்களும் நம்பறீங்களா டாக்டர்?”

சிரித்தார். வலி மாத்திரை? இல்லை. காசநோய் மாத்திரை? இல்லை. “நாட்டு மருந்து, கஷாயம், லேகியம், பொடி, இப்படி ஏதாவது?”

“இல்லை” என்றேன்.

வைரஸ் சோதனைகளுக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். பதிவு அட்டையில் ‘உடன் வருபவர்’ என்று ஒரு கட்டம். கோடு போட்டுக் கொடுத்தேன்.

காலை 6.40க்கு வசந்தாமணி வந்தார். 14 நிமிடம்.

பிப்ரவரி 6, செவ்வாய்

நேற்று ஒரு கேள்விக்கு நான் சொன்ன பதில் உண்மை இல்லை. அதைப் பதிவு செய்ய வேண்டும்.

நவம்பர் 20 முதல் தினமும் காலையில் சீந்தில் கஷாயம் குடித்துவருகிறேன். கொண்டுவருபவர் கீழ்த்தளத்தில் இருக்கும் வசந்தாமணி. வயது 61. மில்லில் இருபத்தெட்டு வருடம் நூல் சுற்றும் பிரிவில் இருந்தவர். கணவர் இல்லை. மகன் திருப்பூரில். எங்கள் வடவள்ளிக் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். நான் இங்கே வந்து ஐந்து வருடமாகியும் நவம்பர் வரை அவரை ‘மோட்டார் ரூம் பக்கத்து வீட்டு அம்மா’ என்று மட்டும்தான் தெரியும்.

நவம்பரில் எனக்கு மழைக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் கதவு திறக்கவில்லை. நான்காம் நாள் தட்டிய சத்தம் கேட்டு எழுந்து திறந்தேன். கையில் எவர்சில்வர் டம்ளர், மேலே ஒரு தட்டு மூடி.

“ஏனுங்க சார், ந. குலசேகரன்னு போர்டு போட்டிருக்குதுங்களே, பேப்பர்ல எழுதற குலசேகரன் நீங்கதானுங்களா?”

எழுதிய குலசேகரன் என்றேன்.

“அப்பப் பாருங்க. நீங்க எழுதினத நா வெட்டி பிரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிருக்கறன். சீந்தக்கொடி கஷாயம். நீங்க சொன்ன பக்குவந்தான். எழுதினவரே காய்ச்சல்ல படுத்துக் கெடந்தா அது நல்லாவா இருக்குது?”

2020 ஜூன் மாதம் எழுதிய கட்டுரை அது. நான்கு நாளில் காய்ச்சல் விட்டது. கஷாயம் விடவில்லை. டம்ளர் அவருடையது, வீட்டில் அந்த அளவில் இரண்டுதான் இருக்கிறதாம். ஆகவே நான் குடித்து முடிக்கும்வரை வாசலில் நின்று பேசிவிட்டு டம்ளரோடு போவார். மிகவும் கசக்கும் பானம். மெதுவாகத்தான் குடிக்க முடியும்.

டாக்டரிடம் ஏன் இல்லை என்றேன்? தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்காதவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. ஒருமுறை காவல் நிலையத்தில் ஆறு மணி நேரம் உட்கார வைத்துக் கேட்டார்கள், சொல்லவில்லை. அந்தப் பழக்கமாக இருக்கும்.

6.40. 17 நிமிடம்.

பிப்ரவரி 9, வெள்ளி

ஏ, பி, சி, ஈ ஆகிய நான்கு மஞ்சள்காமாலை வைரஸும் இல்லை. ஆதாரம்: டாக்டர், தொலைபேசியில். “நல்ல செய்திதான் சார், ஆனா காரணம் தெரியல. மறுபடி கேக்கறேன், கஷாயம் ஏதாவது?” இல்லை என்றேன்.

6.40. 12 நிமிடம். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அவசரமாகப் போனார்.

பிப்ரவரி 10, சனி

கஷாயத்தை வாங்கி உள்ளே கொண்டுபோய் ஊற்றிவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று யோசித்தேன். அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அவரும் அரை நிமிடத்தில் போய்விடுவார்.

பாதி குடித்தேன். 15 நிமிடம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

இன்று வசந்தாமணி நிற்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். “ரெண்டு மாடி ஏறறதுக்குள்ள கால் தள்ளாடுதுங்க. வயசாச்சுங்களே” என்றார். கையைச் சொறிந்துகொண்டே பேசினார். மழை இல்லாத மாதத்திலும் இந்தக் குடியிருப்பில் கொசு இருக்கிறது. மாநகராட்சிக்கு எழுத வேண்டும்.

அவர் பேசியது: மில்லில் சங்கு ஊதும் முன் ஒரு கண்ணாடி டம்ளர் டீயை எப்படி இரண்டே மடக்கில் குடிப்பார்கள் என்பது. செய்தும் காட்டினார். “இந்தக் கருமத்த மட்டும் அப்பிடிக் குடிக்க முடியாது சார், நாக்கு செத்துப்போகும்” என்று சிரித்தார்.

21 நிமிடம்.

பிப்ரவரி 16, வெள்ளி

பால்கனிக் கம்பியில் சீந்தில் கொடி ஏறியிருக்கிறது. மோட்டார் ரூமை ஒட்டிய வேப்பமரத்தில் வசந்தாமணி வைத்த கொடிதான். வேம்பில் படர்ந்தால் குணம் அதிகம் என்று என் கட்டுரையில் எழுதியிருந்தேன், அதனால் அங்கே வைத்தாராம். மரத்திலிருந்து மழைநீர்க் குழாய்க்குத் தாவி, குழாய் வழியாக இரண்டாம் மாடிக்கு வந்துவிட்டது. இலை வெற்றிலை போல இதய வடிவம். தண்டில் காகிதம் மாதிரி உரியும் தோல்.

6.40. 16 நிமிடம். உடம்பு முழுக்க அரிக்கிறது எனக்கு. அவரிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

எஸ்.ஜி.பி.டி. 512. ஏறியிருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்குவதற்கான அறிகுறி ஒரு சோதனையில் தெரிகிறது என்றார் டாக்டர் ஷர்மிளா. அது தானாக வந்த நோயா, ஏதாவது மருந்து தூண்டிவிட்டதா என்று அறிய வேண்டும். அதற்கு, விலா இடுக்கில் ஊசி செலுத்திக் கல்லீரலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். அடுத்த திங்கள், 26ஆம் தேதி. தானாக வந்த நோய் என்றால் வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை.

“மூணாவது தடவையா கேக்கறேன்.”

“மூணாவது தடவையா சொல்றேன் டாக்டர். இல்லை.”

நர்ஸ் அட்டையைப் பார்த்தார். “உடன் வருபவர்ல கோடு போட்டிருக்கீங்க சார். பயாப்சிக்கு ஆள் இல்லாம உள்ள விட மாட்டோம். யாராவது கையெழுத்துப் போடணும்.”

“பாத்துச் சொல்றேன்.”

பஸ்ஸில் வரும்போது கைபேசியில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே பார்த்தேன். 212 பெயர்கள். அதில் நாற்பது பேர் வரை காலமானவர்கள். மங்கையர்க்கரசியின் எண்ணும் இருக்கிறது. என் மனைவி. இறந்து ஒன்பது வருடமாகிறது. மற்றவர்கள் மாவட்டச் செய்தித் தொடர்பு அலுவலர்கள், தீயணைப்பு நிலையங்கள், பிணவறை ஊழியர் இருவர்.

வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டேன். நவம்பர் 20 முதல் இன்று வரை 92 நாள். சராசரி 15 நிமிடம். மொத்தம் 23 மணி நேரம். இதே காலத்தில் இந்த வீட்டு வாசலில் நடந்த வேறு பேச்சு, மின் கணக்கீட்டாளர், காஸ்காரர், கூரியர்காரர் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள்.

இதை எதற்காகக் கணக்கிட்டேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 21, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

6.40 ஆகியும் அவர் வரவில்லை. 6.52க்கு வந்தார். “எந்திரிக்க நேரமாயிப்போச்சுங்க. மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான வேற எதுவும் வாயில ஊத்தோணும்” என்றார்.

“எந்த மாத்திரை?”

“தைராய்டுக்குங்க. நாலு வருசமாப் போடறன். ஆறு மணிக்கு மாத்திரை. ஆறரைக்கு என்ற டம்ளர். அப்புறம் உங்கற டம்ளர்.”

“உங்க டம்ளரா?”

“பின்ன, உங்களுக்கு மட்டுமா காச்சுவன்? கொரோனா அப்ப கொஞ்ச நாள் குடிச்சனுங்க, அப்புறம் உட்டுட்டன். ஒருத்திக்குன்னு அடுப்புப் பத்த வெக்கச் சடவா இருந்துச்சு. உங்களுக்குப் போட ஆரம்பிச்சதுல இருந்து எனக்கும் சேத்து ஒரு டம்ளர். நெம்பக் கசக்குதுதான், ஆனா துணைக்கு நீங்களும் குடிக்கறீங்கன்னு கண்ண மூடிட்டு ஊத்திக்குவன்.”

மூன்று மாதமாக 6.40 என்று இந்த நோட்டில் எழுதிவருகிறேன். ஏன் 6.40 என்று ஒருநாளும் கேட்கவில்லை.

போகும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மறுபடி கையைச் சொறிந்தார். 13ஆம் தேதிக் குறிப்பைத் திருப்பிப் பார்த்தேன். கொசு என்று எழுதியிருக்கிறேன். அதற்கு ஆதாரம் எதுவும் குறிப்பிடவில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

ஒரே ஆதாரத்தை வைத்து எதையும் அச்சுக்கு அனுப்பியதில்லை. இன்று இரண்டு பேரிடம் பேசினேன்.

முதலாமவர் சித்த மருத்துவர் இலஞ்சியம். 2020இல் அந்தக் கட்டுரைக்குத் தகவல் தந்தவர் அவர்தான். பெயரைச் சொன்னதும் ஞாபகம் வந்தது.

“சீந்தில் நல்ல மூலிகைதான் சார். காய்ச்சலுக்குக் குடுக்கறோம், பசிக்குக் குடுக்கறோம், சர்க்கரைக்கும் சேர்ந்த மருந்தாக் குடுக்கறோம். நான் இன்னைக்கும் எழுதறேன். ஆனா அளவும் நாளும் சேர்ந்தாத்தான் மருந்து. மூணு மாசம் தினமும் யாரைக் கேட்டுக் குடிச்சீங்க?”

“யாரையும் கேக்கலை.”

“எல்லாருக்கும் ஒண்ணும் ஆகாது. சிலருக்குக் கல்லீரல்ல வீக்கம் வந்ததா நாலஞ்சு வருசமா ஆய்வுகள் வந்திருக்கு. யாருக்கு வரும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. உடம்பு தன்னையே எதிர்க்கிற வியாதி உள்ளவங்க அதிகமா ஜாக்கிரதையா இருக்கணும். முடக்குவாதத்துல ஒரு வகை, தைராய்டுல ஒரு வகை அந்த மாதிரி. அப்புறம், அச்சு அசல் சீந்தில் மாதிரியே வேற சாதிக் கொடியும் இருக்கு. தண்டுல பரு மாதிரி நிறைய இருக்கும். ஜனங்க அதையும் சீந்தில்னு வெட்டிட்டு வர்றாங்க. எதுவானாலும் இப்பவே நிறுத்துங்க. உங்க கல்லீரல் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.”

பிறகு சொன்னார்: “நாள் கணக்கு, யார் குடிக்கக் கூடாது, எல்லாம் அன்னைக்கே சொன்னேனே சார். பேப்பர்ல வரவே இல்லையே. ரெண்டு வாரம் உங்க மேல வருத்தமா இருந்துச்சு.”

பரணிலிருந்து 2020 நோட்டை எடுத்தேன். அவர் சொன்னது இருக்கிறது. நான் எழுதி அனுப்பிய கட்டுரையின் கைப்பிரதியும் இருக்கிறது. கடைசிப் பாரா: “சீந்திலைத் தொடர்ந்து பல வாரங்கள் குடிக்கக் கூடாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள், வேறு நீண்டநாள் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. கண் மஞ்சளித்தால், அரிப்பெடுத்தால் உடனே நிறுத்த வேண்டும்.” அச்சில் வந்தது அதற்கு முந்தைய பாராவோடு முடிகிறது: “தினமும் காலையில் ஒரு டம்ளர் போதும்.”

இரண்டாமவர் பட்டாபி. அப்போது டெஸ்க்கில் செய்திகளைத் திருத்திப் பக்கம் முடித்தவர். இப்போது ஓய்வில் ஸ்ரீரங்கத்தில்.

“யோவ் குலசேகரா, உயிரோடதான் இருக்கியா? நாலு வருஷத்துக்கு முன்ன வெட்டின பாராவுக்கு இப்ப சண்டைக்கு வர்றே?”

“நீ ஏன் வெட்டினேன்னு மட்டும் சொல்லு.”

“விளம்பரம் வந்திருக்கும், இடம் இருந்திருக்காது. இடம் இல்லேன்னா எங்கே வெட்டுவோம்? கீழேர்ந்து. இது உனக்குத் தெரியாதா? வேலைக்குச் சேர்ந்த பசங்களுக்கெல்லாம் நீதானேய்யா பாடம் எடுத்தே, முக்கியமானது மேலேன்னு? ஜாக்கிரதைங்கறதைக் கொண்டுபோய் நீ ஏன் கடைசியில வெச்சே?”

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டான். நன்றாக இருக்கிறது என்றேன்.

6.40. 11 நிமிடம். இன்றும் குடித்தேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

6.41க்குத் தட்டினார். டம்ளரை வாங்கி ஷூ ஸ்டாண்டு மேல் வைத்தேன்.

“ஏனுங்க, சூடு ஆறிப்போச்சுங்களா?”

“இல்லை. இன்னைக்குக் குடிக்கலை. நீங்களும் இனிமே குடிக்காதீங்க.”

“அதென்னங்க அப்பிடி?”

“எனக்குக் கல்லீரல் கெட்டிருக்கு. இதுனாலதான்னு இன்னும் உறுதியாகலை. இருக்கலாம்.”

“எதுனால?”

டம்ளரைக் காட்டினேன். அவர் டம்ளரைப் பார்த்தார். பிறகு என் கண்ணைப் பார்த்தார். வாசல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பச் சொல்லி, கிட்ட வந்து பார்த்தார்.

“மஞ்சளாத்தான் கெடக்குது. எத்தன நாளாத் தெரியுமுங்க?”

“ரெண்டரை வாரமா.”

“தெரிஞ்சுமா தினமும் குடிச்சீங்க?”

“ஆமா.”

“எதுக்குங்க?”

டம்ளரை ஷூ ஸ்டாண்டின் ஓரத்துக்கு நகர்த்தினேன்.

“நா ஒருத்தி கிறுக்கியாட்ட தினமும் காச்சி, ரெண்டு மாடி ஏறிக் கொண்டாந்து குடுத்து, நீங்க குடிச்சு முடிக்கற வரைக்கும் நின்னு பாத்துட்டுப் போயிருக்கறன். வாயில வெக்கறப்பக் கூடச் சொல்லத் தோணலீங்களா? ஊர்ல நடக்கறதெல்லாம் எழுதினீங்க, இத ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னங்க?”

“நீங்க கொடுத்ததுல தப்பு இல்ல. நான் எழுதினதுலதான் கடைசிப் பாரா வரலை. அதுல...”

“எனக்குப் பாராவெல்லாம் தெரியாதுங்க. உங்க பேரு போட்டிருந்துச்சு. நம்பிப் பண்ணுனன்.”

“நீங்க ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பாக்கணும். உங்களுக்குத் தைராய்டு இருக்கறதால...”

“என்ற ஒடம்ப நா பாத்துக்குவனுங்க.”

டம்ளரை எடுத்து, உள்ளே வந்து, என் சமையலறைத் தொட்டியில் ஊற்றினார். மூன்று மாதத்தில் அவர் என் வீட்டுக்குள் வந்தது இதுதான் முதல் தடவை. கழுவாமல் அப்படியே கொண்டுபோனார்.

5 நிமிடம்.

பிப்ரவரி 24, சனி

6.40க்குக் கதவைத் திறந்தேன். பால் பாக்கெட் எடுக்க. பால் ஐந்தரைக்கே வந்து, நான் எடுத்து, காய்ச்சியும் ஆகியிருந்தது.

பிப்ரவரி 25, ஞாயிறு

யாரும் இல்லை.

பிப்ரவரி 26, திங்கள்

டாக்டர் ஷர்மிளாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொருள், அளவு, நாள், தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி. கொடுத்தவர் பெயரைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பேனாவை மூடி வைத்தார். “மூணு தடவை கேட்டேன் சார். உங்களைப் படிச்சவர்னு நினைச்சேன்.”

“சொல்லியிருக்கணும். ஒருத்தரைக் காட்டிக்கொடுக்கற மாதிரி...”

“நான் போலீஸ் இல்ல சார்.”

பயாப்சி தள்ளிவைக்கப்பட்டது. நிறுத்தி மூன்று நாள்தான் ஆகிறது. அடுத்த வாரம் மறுபடி ரத்தம் பார்க்கலாம், எண் இறங்கினால் ஊசி தேவைப்படாமல் போகலாம், இறங்காவிட்டால் தவிர்க்க முடியாது என்றார். ஆக, இன்று உடன் வருபவர் தேவைப்படவில்லை. நர்ஸ் அட்டையை அப்படியே வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது கீழ்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது.

பிப்ரவரி 27, செவ்வாய்

பத்திரிகையில் தவறு வந்தால் மறுநாள் அதே பக்கத்தில் திருத்தம் போடுவது வழக்கம். இந்தத் திருத்தம் மூன்று வருடம் எட்டு மாதம் தாமதம். ஒரு முழுத் தாளில், பெரிய எழுத்தில், கையால் எழுதினேன். நான்கு முறை அடித்து எழுதி, ஐந்தாவது பிரதியை அவர் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன்.

“திருத்தம். 2020 ஜூன் 14 அன்று வெளியான சீந்தில் கட்டுரையில் முதலில் வந்திருக்க வேண்டியது வரவில்லை. அது: இந்தக் கஷாயத்தைப் பல வாரம் தொடர்ந்து குடிக்கக் கூடாது. உடல் தன்னையே எதிர்க்கும் நோய் உள்ளவர்கள் தொடக் கூடாது. தைராய்டுக் கோளாறில் ஒரு வகை அதைச் சேர்ந்தது. எந்த வகை என்பது ரத்தச் சோதனையில் தெரியும். அரிப்பு, அசதி, பசியின்மை, கண்ணில் மஞ்சள் இருந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். தவறு கட்டுரை எழுதியவருடையது. படித்துச் செய்தவருடையது அல்ல. வருந்துகிறேன். ந. குலசேகரன், இரண்டாம் மாடி.”

பிப்ரவரி 29, வியாழன்

மோட்டார் ரூம் அருகே சீந்தில் கொடி வெட்டப்பட்டிருக்கிறது. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், அரிவாளால், ஒரே வெட்டு.

என் பால்கனியில் இருக்கும் பகுதி வாடவில்லை.

மார்ச் 2, சனி

வெட்டி மூன்றாம் நாள். பால்கனிக் கொடியிலிருந்து நூல் மாதிரி ஒரு விழுது கீழே இறங்குகிறது. முதல் மாடி ஜன்னல் வரை வந்திருக்கிறது. வெட்டினாலும் இது சாகாது, விழுது விட்டு மண்ணைத் தேடும் என்று நான்தான் எழுதியிருக்கிறேன், அதே கட்டுரையில், இரண்டாவது பாராவில். அது அச்சில் வந்தது.

கொஞ்சம் பசிக்கிறது. ரசம் வைத்தேன்.

மார்ச் 3, ஞாயிறு

காலை 11.10. கதவு தட்டப்பட்டது. வசந்தாமணி. கையில் டம்ளர் இல்லை. இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று மஞ்சளேறிய பத்திரிகைத் துண்டு, ஓரத்தில் டேப் ஒட்டிய தடம். மற்றொன்று என் திருத்தம்.

“ஏனுங்க, இதுல ‘உடல் தன்னையே எதிர்க்கும்’னு போட்டிருக்கறீங்களே, அதெப்பிடிங்க ஒடம்பு ஒடம்பையே எதுக்கும்?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நின்றுகொண்டே கேட்டார். பிறகு ஹாலில் இருந்த நாற்காலியில், நான் சொல்லாமலே உட்கார்ந்தார்.

“கொசுக்கடின்னு நெனச்சனுங்க.”

“நானும் அப்படித்தான் எழுதி வெச்சிருக்கேன்.”

“எழுதி வேற வெச்சிருக்கறீங்களா?” என்று சிரித்தவர் உடனே நிறுத்திக்கொண்டார். “ரெண்டு வாரமாச் சோறு எறங்கல. மகன்கிட்டச் சொன்னா அங்க வேலைய உட்டுப்போட்டு ஓடியாருவான். சொல்லல. நீங்க சொல்லாம இருந்ததுக்கு அத்தன பேசுனன், நானும் அதத்தான் பண்ணியிருக்கறன்.”

புதன்கிழமை எனக்கு ரத்தச் சோதனை இருக்கிறது, அதே டாக்டர் என்றேன்.

“அந்த ஆஸ்பத்திரி லிப்டுல தனியாப் போறதுக்கு எனக்கு ஒருமாதிரி இருக்குமுங்க.”

“லிஃப்ட் வேண்டாம். படி இருக்கு.”

“இந்தக் காலோடயா? லிப்டுலயே போலாம். நீங்க வாங்க.”

நேரம் குறிக்க மறந்துவிட்டேன்.

மார்ச் 6, புதன்

எஸ்.ஜி.பி.டி.: எனக்கு 298. வசந்தாமணிக்கு 131. ஆதாரம்: ஆய்வக அறிக்கைகள் இரண்டு, மாலை 4.15. எனக்கு நிறுத்திய பின் இறங்கியிருக்கிறது, ஆகவே கஷாயம்தான் காரணம் என்பது வலுக்கிறது, ஊசி இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர் ஷர்மிளா. வசந்தாமணிக்குச் சேதம் குறைவு, ஆனால் இருக்கிறது. அவர் குடிப்பதை விட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அதற்கு முன்பு எண் எவ்வளவு இருந்தது என்று தெரிய இனி வழியில்லை.

டாக்டர் அவரிடம், “யாரும்மா உங்களுக்கு இதைக் குடிக்கச் சொன்னது?” என்று கேட்டார்.

வசந்தாமணி என் பக்கம் திரும்பவே இல்லை. “ஆரோ பேப்பர்ல எழுதியிருந்தாங்க. பேரு ஞாபகமில்லீங்க” என்றார்.

பதிவு மேசையில் அவருக்குப் புதிய அட்டை போட்டார்கள். அதை அவரே நிரப்பினார். மில்லில் பழகிய கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. ‘உடன் வருபவர்’ கட்டத்தில் என்னைக் கேட்காமலே ‘குலசேகரன்’ என்று எழுதினார். இனிஷியலை மறந்து, பிறகு முன்னால் ‘ந’ சேர்த்தார். அடுத்த கட்டம் ‘உறவு’.

“இதுல என்னங்க போடறது?”

“பக்கத்து வீடுன்னு போடுங்க.”

“மாடி வீட்டப் போயி எப்பிடிங்க பக்கத்து வீடுன்னு போடறது? சொந்தமும் இல்ல, ஒறம்பரையும் இல்ல.” பேனாவை அந்தக் கட்டத்திலேயே வைத்திருந்தார். பிறகு நர்ஸைக் கேட்டார்: “இத அப்புறமா எழுதலாமுங்களா?”

நர்ஸ் தலையசைத்தார். என் பழைய அட்டையையும் எடுத்து மேசையில் வைத்து, கோடு போட்ட கட்டத்தை விரலால் தட்டினார். “சார், உங்களோடதும் முடிக்கணும்.”

நிலுவையில் இருப்பவை: அவருடைய தைராய்டு எந்த வகை, உடம்பு தன்னையே எதிர்க்கிறதா என்பதற்கான சோதனை முடிவு, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கிடைக்கும். அட்டைகளில் காலியாக இருக்கும் கட்டங்கள்; அவற்றையும் வெள்ளிக்கிழமையே நிரப்பித் தர வேண்டும். நாளைக் காலை என்ன கொண்டுவருவது என்று பஸ்ஸில் கேட்டார். ஒன்றும் வேண்டாம், சும்மா வாருங்கள் என்றேன். வருவதாகவோ வரமாட்டேன் என்றோ சொல்லவில்லை. அது 6.40க்குத் தெரியும்.